கோடி தீர்த்தத்துக் கடைசி வாளி

ராமேசுவரத்தில் எல்லாம் கடலில்தான் தொடங்குகிறது. அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, முன்னோர் கடன் இருந்தால் கரையிலேயே முடித்து, ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்குப் போக வேண்டும்.

தர்ப்பணத்தில் பலரும் தவறுவது கையில். எள்ளும் நீரும் விரல் நுனி வழியே விழக்கூடாது; அது தேவர்களுக்கு விடும் வழி, தேவ தீர்த்தம். உள்ளங்கையை வலப்பக்கம் சாய்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட வேண்டும். அந்த இடுக்குக்குப் பெயர் பித்ரு தீர்த்தம். கையில் ஏது தீர்த்தம் என்று கேட்கலாம். கடந்து செல்வதைக் குறிக்கும் வடமொழி வேரில் பிறந்த சொல் இது. ஆற்றில் இறங்கி அக்கரை சேரும் துறைக்கே முதலில் இந்தப் பெயர். நீர் கடந்துபோகும் வழியாதலால் விரலிடுக்கும் துறைதான். பிறவிக் கடலுக்குத் துறை அமைத்தவரைச் சமணர் தீர்த்தங்கரர் என்றனர். மாணிக்கவாசகரோ திருவெம்பாவையில் தில்லைக் கூத்தனையே தீர்த்தன் என்று பாடிவிட்டார். பெருமாள் கோயிலில் உத்தரணி என்னும் சிறு கரண்டியால் தரும் துளசி நீருக்கும் இதே சொல்.

உள்ளே மகாலட்சுமி தீர்த்தம் முதல், கோடி தீர்த்தம் முடிவு. சீட்டைக் கவுன்ட்டரில் மட்டும் வாங்குங்கள். "வரிசையே வேண்டாம், நான் கூட்டிப்போறேன்" என்று வாசலில் மறிப்பவர்கள், பாதிக் கிணறுகளைத் தாண்டியதும் தொகையை ஏற்றுவார்கள். நேர்த்திக்கடனுக்கு வந்தவர் நடுவழியில் பேரம் பேச முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். கூட்ட நாளில், கிணற்றிலிருந்து வாளியில் இறைத்து ஊற்றும் நீர் தலையில் நாலு சொட்டுத்தான் விழும். நகர்ந்துவிடாமல் வாளிக்கு நேர் கீழே நில்லுங்கள். கல்தரை எப்போதும் வழுக்கும். பெரியவர்களின் கையை விடாதீர்கள்.

கோடி தீர்த்தத்தில் வாளி கவிழும்போது மூச்சு ஒரு கணம் நின்று திரும்பும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, உதட்டில் இருந்த உப்பைக் கழுவிப்போகும் நீர்! ஈரத்துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள், மாற்றுத்துணி கட்டாயம். உலர்ந்த வேட்டியோ சேலையோ உடுத்தி, தலைமயிர் சொட்டச் சொட்ட, சீதாபிராட்டி மணலில் பிடித்த அந்தச் சிறு லிங்கத்தின் முன் நின்றால், மனப்பாடம் செய்துவந்த வேண்டுதல் ஒன்றும் வாயில் வராது. ராமநாதா, இவ்வளவு தூரம் இறக்கிவிட்டு, கரையிலும் நீயே நிற்கிறாயே அப்பா!