குரூப் 4 பிழை திருத்தம்: ஒலித்துப் பார்க்காதீர்கள், பிரித்துப் பாருங்கள்

குரூப் 4 தேர்வின் தமிழ்ப் பகுதியில் "பிழை திருத்துக" என்று வினாவிலேயே வருகிறதே, அதில் 'பிழை'க்கும் 'திருத்துக'வுக்கும் நடுவே ஒற்று (க், ச், த், ப் போன்ற மெய்) இல்லை. அதையே "பிழையைத் திருத்துக" என்று எழுதினால் 'த்' வந்துவிடுகிறது. இரண்டும் சரிதான். ஐ உருபு வெளிப்படையாக நின்றால் வல்லினம் மிகும், அதாவது ஒற்று வரும். அது மறைந்து நின்று, அடுத்து வினை வந்தால் மிகாது. பகுதித் தலைப்புகளையும் இப்படியே பாருங்கள். சந்திப்பிழை, மரபுப்பிழை, வழூஉச்சொல் (பிழையாக வழங்கும் சொல்) மூன்றும் ஒற்றோடு நிற்கின்றன. 'ஒருமை பன்மை' மட்டும் ஒற்றில்லாமல் நிற்கிறது. ஒருமையும் பன்மையும் என்று விரியும் உம்மைத்தொகை அது; அங்கே மிகாது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்ப் பகுதிக்கு 100 வினாக்கள், 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதி மதிப்பீட்டுக்கே போகாது. சராசரியாக ஒரு வினாவுக்கு 54 வினாடி கிடைக்கும். பிழை திருத்தத்தை அரை நிமிடத்தில் முடித்தால்தான் கணக்கு வினாக்களுக்கு நேரம் மிஞ்சும்.

பயிற்சித் தாள்களைத் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்றுதான்: விதி தெரிந்தவர்களும் நான்கு விடைகளையும் மனத்துக்குள் வாசித்து, எது நன்றாக ஒலிக்கிறதோ அதைக் குறித்துவிடுகிறார்கள். சுவரொட்டியிலும் செல்பேசியிலும் ஒற்று விட்டுப்போன தமிழையே நாள்முழுதும் படிக்கிறோம். பழகிய பிழை நன்றாகத்தான் ஒலிக்கும். ஆகவே ஒலியை விடுங்கள். இரண்டு சொற்கள் கூடும் இடத்தில் பேனாவை வைத்து, முன்னால் நிற்கும் சொல் என்ன வகை என்று மட்டும் கேளுங்கள்.

முதல் வேலை, கேட்டிருப்பது பிழையற்ற தொடரா, பிழையுள்ள தொடரா என்று பார்த்து அடிக்கோடிடுவது. அவசரத்தில் மாற்றிப் படித்துப் போகும் மதிப்பெண்கள் குறைவில்லை. அடுத்து, நான்கு விடைகளும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று பாருங்கள். ஒரு மாதிரி:

அ) அவன் அங்கு சென்று பாடத்தைப் படித்துப் பார்த்தான்.
ஆ) அவன் அங்குச் சென்று பாடத்தைப் படித்துப் பார்த்தான்.
இ) அவன் அங்குச் சென்றுப் பாடத்தைப் படித்துப் பார்த்தான்.
ஈ) அவன் அங்குச் சென்று பாடத்தை படித்துப் பார்த்தான்.

கடைசிக் கூடல் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கிறது. அதில் நேரம் செலவிட வேண்டாம். அங்கு, இங்கு, எங்கு என்பவற்றின் பின் மிகும், 'அ' போனது. 'சென்று' இன்னொரு வினைக்காகக் காத்து நிற்கும் வினையெச்சம்; 'று'வுக்கு முன் மெல்லின ஒற்று இருப்பதால் மென்தொடர்க் குற்றியலுகரம், அதன் பின் மிகாது; 'இ' போனது. 'பாடத்தை' என்பதில் ஐ உருபு தெரிகிறது, மிக வேண்டும், 'ஈ' போனது. மீதி 'ஆ'. தொடரின் பொருளை யோசிக்கவே தேவைப்படவில்லை.

இங்கே அதிகம் தடுமாறுவது வினையெச்சத்தில். படித்துப் பார், எழுதிப் பார், செய்து பார். மூன்றும் ஒரே அமைப்பாகத் தோன்றும், ஆனால் மூன்றாவதில் ஒற்று இல்லை. கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். 'படித்து' என்பதில் 'து'வுக்கு முன் 'த்', வல்லின ஒற்று. ஆகவே வன்தொடர், மிகும். 'செய்து' என்பதில் 'ய்', இடையின ஒற்று, மிகாது. வந்து, சென்று, உண்டு ஆகியவற்றில் மெல்லின ஒற்று, மிகாது. 'எழுதி' இகரத்தில் முடிகிறது, மிகும். அகரத்தில் முடியும் வினையெச்சத்துக்கும் அப்படியே: வரச் சொன்னான், எனக் கூறினான். அதே பொருளில் 'என்று' போட்டால் 'என்று கூறினான்', ஒற்று இல்லை. 'எனக் கூறினான், என்று கூறினான்' என்ற இணையை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைக்கலாம்.

விதிகளைப் படிக்கத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் புதிதாக ஒரு பிழை முளைக்கும். எல்லா இடத்திலும் ஒற்றுப் போடும் பழக்கம் அது. 'படித்தப் பெண்', 'ஓடியக் குதிரை' என்று எழுதத் தொடங்குவார்கள். வினையெச்சமும் அகரத்தில் முடியும், பெயரெச்சமும் அகரத்தில் முடியும். குழப்பத்துக்குக் காரணம் இதுதான். அடுத்த சொல் பெயரா, வினையா என்று பார்த்தால் தீர்ந்தது. 'ஓடக் கண்டேன்' வினையைக் கொண்டு முடிகிறது, மிகும். 'ஓடிய குதிரை' பெயரைக் கொண்டு முடிகிறது, மிகாது. எதிர்மறையில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு: 'ஓடாத குதிரை' என்றால் மிகாது, ஈறு கெட்டு 'ஓடாக் குதிரை' என்றானால் மிகும். ஒற்று வேண்டாத இடத்தில் வந்தால் பொருளே மாறுவதும் உண்டு. 'தந்த பலகை' கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. 'வேலை கொடு' என்றால் பணி கொடு. 'வேலைக் கொடு' என்றால் கையில் உள்ள வேல் என்னும் ஆயுதத்தைக் கொடு. இதனால்தான் சந்தியை வெறும் அலங்காரமாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் தேறிவிட்டீர்களா என்று பார்க்க 391ஆம் குறள் போதும்: "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக." 'கற்க' வியங்கோள் (வேண்டுகோளாகவோ கட்டளையாகவோ வரும் வினை), மிகாது. 'கசடற' அகர ஈற்று வினையெச்சம், மிகும். 'கற்பவை' என்பதில் ஐ மறைந்திருக்கிறது, மிகாது. 'அதற்கு' நான்காம் வேற்றுமை விரி ('கு' உருபு வெளிப்படையாக நிற்கிறது), மிகும். இந்த நான்கு காரணங்களையும் தாளைப் பார்க்காமல் சொல்ல வந்தால் சந்திப்பிழை உங்களைப் பெரிதாகப் படுத்தாது.

ஒருமை பன்மையில் சூழ்ச்சி ஒன்றுதான். எழுவாயையும் பயனிலையையும் தூரத்தில் வைத்துவிட்டு, நடுவில் எதிர் எண்ணுள்ள ஒரு பெயரை நுழைப்பார்கள். "தோப்பில் நின்ற தென்னை மரங்களின் நிழல் குளத்தில் விழுந்தன." மரங்கள் என்றதும் கண் 'விழுந்தன' என்பதை ஏற்றுக்கொள்கிறது. விழுந்தது எது? நிழல். ஆகவே 'விழுந்தது'. வினையிலிருந்து பின்னோக்கி 'எது, யார்' என்று கேட்டால் எழுவாய் சிக்கும். ஒவ்வொரு மரமும் சாய்ந்தது, 'சாய்ந்தன' என்பது பிழை. ஒவ்வோர் ஊர், ஓர் ஏரி, ஒரு யானை: உயிரெழுத்துக்கு முன்தான் 'ஓர்', 'யா' உயிர்மெய். மக்கள் 'தன்' கடமையைச் செய்வதில்லை, 'தம்' கடமையைச் செய்கிறார்கள். 'எனது தம்பி' என்று வந்தால் 'என் தம்பி' என்று திருத்துங்கள், 'அது' உருபு அஃறிணைக்கு உரியது.

'அல்ல' தனியாகப் படிக்க வேண்டியது. நான் அல்லேன், நாம் அல்லோம், நீ அல்லை, நீங்கள் அல்லீர், அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. 'அல்ல' அஃறிணைப் பன்மைக்கு மட்டும். "இது பழம் அல்ல" என்பதைப் பிழையென்று உணரப் பலருக்கு வாரங்கள் ஆகின்றன, ஏனென்றால் நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம்.

மரபுப்பிழைக்கு விதி கிடையாது, மனப்பாடம்தான். மயில் அகவும், யானை பிளிறும், ஆந்தை அலறும், காகம் கரையும். சிங்கக்குருளை, புலிப்பறழ், கீரிப்பிள்ளை. வாழைத்தோட்டம், மாந்தோப்பு, சோளக்கொல்லை. பாடநூலில் உள்ள பட்டியலே போதும்.

வழூஉச் சொற்களைக் காரணத்தோடு படித்தால் மறக்காது. கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும். இரண்டும் 'று' என முடிபவை. 'சுவர்' அப்படி முடியவில்லை, ஆகவே 'சுவரில்', 'சுவற்றில்' பிழை. முயற்ச்சி, அதற்க்கு, கற்ப்பனை, நட்ப்பு எல்லாவற்றையும் ஒரே அடியில் நீக்க ஒரு வழி உண்டு: ற், ட் ஆகிய மெய்களை அடுத்து இன்னொரு மெய் வராது. ய், ர், ழ் மெய்களை அடுத்து வரலாம். வாழ்க்கை, பார்க்க என்பவை சரி. நாகரிகம், பதற்றம், எண்ணெய், வலப்பக்கம் போன்றவற்றைத் தனியே எழுதிவையுங்கள்.

பயிற்சிக்கு நாளொன்றுக்கு 20 தொடர்கள் போதும், ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை மூன்று நான்கு சொற்களில் எழுத வேண்டும். "வன்தொடர், மிகும்", "எழுவாய் நிழல்". விடை சரியாக இருந்து காரணம் எழுத வரவில்லை என்றால் அதைத் தவறாகவே கணக்கிடுங்கள். வாரக்கடைசியில் தவறுகளைக் காரணவாரியாக எண்ணுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு காரணங்களே திரும்ப வந்திருக்கும். அடுத்த வாரம் அவற்றுக்கு மட்டும் உரியது.

இன்னொன்று. கைக்குக் கிடைக்கும் பயிற்சித் தாள்களில் விடைக்குறிப்பே பிழையாக இருப்பது உண்டு, அச்சில் ஒற்று விழுந்துபோவதும் உண்டு. உங்கள் காரணமும் குறிப்பும் முட்டினால் 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூலைத் திறந்து, வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் பட்டியலில் பாருங்கள். பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்து உத்தேச விடை வெளியாகும்போது மறுப்புத் தெரிவிக்க நேர்ந்தால் அந்தப் பக்கம்தான் உங்கள் ஆதாரம்.