81-வது நிமிடம்

17 மே 2021

தோற்றுவிட்டோம். பார்சிலோனாவின் சொந்த மைதானமான காம்ப் நோவில், செல்டா வீகோவிடம், 1-2. ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் கோப்பை கைநழுவிப் போனது.

புஸ்கெட்ஸ் தூக்கிவிட்ட பந்தை மெஸ்ஸி தலையால் முட்டி உள்ளே தள்ளினான். (2005-லிருந்து பார்க்கிறேன், அவனை 'அவர்' என்று எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.) அதன்பிறகு சான்டி மினா இரண்டு கோல் அடித்துவிட்டுப் போனார். கேலரியில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒளிபரப்பில் கலந்துவிடுகிறார்களே அந்தப் போலிக் கூச்சல், அது மட்டும்தான் இருந்தது, யார் கோல் போட்டாலும் ஒரே சுருதியில்.

விசில் ஊதியதும் லேப்டாப்பை மூடிவிட்டேன். யார் எப்படி வெளியே நடந்து போனார்கள் என்று பார்க்கப் பொறுமையில்லை. இன்னும் ஐபாரோடு ஓர் ஆட்டம் பாக்கி, அதில் ஜெயித்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்த சீசன் பார்த்துக்கொள்ளலாம்.

1 ஜூலை 2021

நேற்று நள்ளிரவோடு மெஸ்ஸியின் ஒப்பந்தம் முடிந்தது. கணக்குப்படி இன்று அவன் எந்தக் கிளப்பின் ஆளும் இல்லை. 2000 டிசம்பரில் பார்சிலோனா அதிகாரி கார்லெஸ் ரெக்ஸாச் டென்னிஸ் கிளப் ஒன்றில் ஒரு காகிதத் துடைப்பானில் 'இந்தப் பையனை எடுத்துக்கொள்கிறோம்' என்று எழுதிக் கொடுத்தாரே, அதிலிருந்து பார்த்தால் ஒட்டும் உறவும் இல்லாத முதல் நாள்.

எங்கள் ரசிகர் குரூப்பில் யாரும் பதறவில்லை. போன ஆகஸ்டில் 'நான் போகிறேன்' என்று அவன் கிளப்புக்கு பியூரோஃபேக்ஸ் (ஸ்பெயினில் சட்டப்படி சாட்சியாகும் கடிதம்) அனுப்பியபோதே அழுது தீர்த்துவிட்டோம். கடைசியில் போகவில்லை. புலி வருது கதையில் ஒருமுறை ஏமாந்தவர்களுக்கு இரண்டாம்முறை பயம் வருவதில்லை.

11 ஜூலை 2021

கோப்பா அமெரிக்கா! மரக்கானாவில் அர்ஜென்டினா பிரேசிலை 1-0. டி மரியா அடித்த அந்த ஒரு கோலை அக்கா மகன் காலையிலிருந்து சோபாவின்மேல் நின்று நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். பதினொரு வயது. மெஸ்ஸியை 'அவர்' என்பான். நான் 'அவன்' என்றால் முறைப்பான்.

6 ஆகஸ்ட் 2021

நேற்று இரவு படுக்கப் போகும் நேரத்தில் கிளப்பின் அறிக்கை வந்தது. மெஸ்ஸி தொடரமாட்டார், நிதி மற்றும் அமைப்பு சார்ந்த தடைகள், லா லிகா விதிகள், நன்றி, வாழ்த்துகள். ஹேக் செய்துவிட்டார்கள் என்று ஒருவன் எழுதினான். இன்னொருவன், "லீக்கை மிரட்டுறதுக்காகச் சும்மா போடுறாங்கடா" என்றான். நான் இரண்டையும் நம்பினேன்.

இன்று தலைவர் லபோர்டா வந்து கணக்குச் சொன்னார். லா லிகாவில் ஒவ்வொரு கிளப்பும் வரவை வைத்துத்தான் சம்பளச் செலவு செய்யலாம், அதற்கு உச்சவரம்பு உண்டு. மெஸ்ஸியை வைத்துக்கொண்டால் சம்பளம் வருமானத்தில் 110 சதவீதம். அவன் இல்லாமலேயே 95. வீட்டு வரவு செலவு எழுதுகிற யாருக்கும் இது புரியும். புரிந்தபின்தான் கோபம் அதிகமாகிறது. சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன் என்று சம்மதித்தவனையே வைத்துக்கொள்ள வழியில்லாத அளவுக்கு இத்தனை வருஷம் யாருக்கு என்னத்தை அள்ளிக் கொடுத்தீர்கள்?

"மாமா, சும்மா ஃப்ரீயா ஆடலாம்ல அவரு?" என்று கேட்டான் அக்கா மகன். சின்னப் பிள்ளைக் கேள்வி என்று சிரிக்க முடியவில்லை. குரூப்பில் நாற்பது வயதுக்காரர்கள் காலையிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

8 ஆகஸ்ட் 2021, ஞாயிறு

காம்ப் நோவின் ஓர் அறையில் மேடை, மைக், கோட்டு போட்ட மெஸ்ஸி. வாயைத் திறக்கும் முன்பே அழுகை. முன்வரிசையிலிருந்து அவன் மனைவி அந்தோனெலா எழுந்து வந்து டிஷ்யூ கொடுத்துவிட்டுப் போனாள்.

போன வருஷம் என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தானாம். இந்த வருஷம் எதுவும் யோசிக்கவில்லை, ஏனென்றால் இங்கேயே இருக்கப்போகிறோம் என்றுதான் அவனும் வீட்டாரும் நினைத்திருந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக ரசிகர்களைப் பார்க்காமலே போகிறேன் என்று அவன் சொன்ன இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அதுவரை என் துக்கத்தை மட்டும் தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் எங்களைப் பார்க்காத குறை இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நின்றபாடில்லை. மாஸ்க் போட்ட சக ஆட்டக்காரர்கள், நிருபர்கள், அவன் பிள்ளைகள். அந்த ஸ்டேடியத்தில் தொண்ணூறாயிரத்துக்கும் மேல் உட்காரலாம்.

இப்படியா நினைத்து வைத்திருந்தோம்? எங்கள் மனதில் இருந்தது பார்சிலோனா கேப்டன் இனியெஸ்தாவின் கடைசி ஆட்டம். 2018 மே 20, எதிரணி ரியல் சோசியடாட். ஆட்டம் முடிய ஒரு சில நிமிடம் இருக்கும்போது அவரை வெளியே அழைத்தார்கள். கேப்டன் பட்டையைக் கழற்றி மெஸ்ஸியின் கையில் மாட்டிவிட்டு நடந்தார். மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்றது. எல்லோரும் போனபின் நள்ளிரவு தாண்டி, விளக்கெல்லாம் அணைந்த மைதானத்தின் நடுவில் வெறுங்காலோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அன்று அந்தப் பட்டையை வாங்கியவனுக்கும் ஒருநாள் இதெல்லாம் நடக்கும் என்று எண்ணியிருந்தோம்.

சாயங்காலம் உட்கார்ந்து தேடினேன். ஆள் இருந்த கேலரிக்கு முன்னால் காம்ப் நோவில் மெஸ்ஸி கடைசியாக எப்போது ஆடினான்? 2020 மார்ச் 7. எதிரணி, நம்பமாட்டீர்கள், ரியல் சோசியடாட். 81-வது நிமிடத்தில் வி.ஏ.ஆர் (வீடியோ நடுவர்) பார்த்துக் கொடுத்த பெனால்டியை மெஸ்ஸி அடித்தான், 1-0. வேறு கோல் இல்லை. அப்புறம் கொரோனா வந்தது, கதவை மூடினார்கள்.

அந்த ஆட்டத்தை நான் முழுதாகப் பார்த்தவன். பார்த்ததாக ஞாபகமே இல்லை. மந்தமான ஆட்டம், சந்தேகத்துக்கிடமான பெனால்டி, மூன்று புள்ளி. அன்று கேலரியில் இருந்தவர்கள் வாகன நெரிசலுக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று 85-வது நிமிடத்திலேயே எழுந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் எழுந்திருப்பேன்.

9 ஆகஸ்ட் 2021

தூக்கம் வரவில்லை என்பதால் இன்னொன்றையும் தோண்டினேன். ஏப்ரல் 17, செவில்லேயில் கோப்பா டெல் ரே இறுதி ஆட்டம், அத்லெதிக் பில்பாவோவை 4-0. மெஸ்ஸி இரண்டு. பரிசளிப்புக்குப்பின் சக ஆட்டக்காரர்கள் கோப்பையோடு அவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டினார்கள். தினமும் கூடவே பயிற்சி செய்கிறவர்கள்! அன்று அதைப் பார்த்துச் சிரித்து, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையோடு படமெடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று குரூப்பில் எழுதியிருக்கிறேன். மேலே தள்ளிப் பார்த்தால் என் மெசேஜ் அப்படியே இருக்கிறது, கண்ணீர் வரச் சிரிக்கும் மூன்று பொம்மைகளோடு.

778 ஆட்டம், 672 கோல், 35 கோப்பை. கிளப் இந்த எண்களை அழகாக வரிசைப்படுத்திப் போட்டிருக்கிறது. ஞாபகத்துக்கு வருவதென்னவோ வேறு. 2005 மே 1, ஆல்பசேட்டேயோடு முதல் கோல். ரொனால்டினியோ நோகாமல் தூக்கிக் கொடுத்த பந்து, கீப்பர் தலைக்கு மேல் ஒரு தூக்கு, பிறகு ரொனால்டினியோ முதுகில் உப்புமூட்டை. அதைப் பார்த்த அன்று எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது.

11 ஆகஸ்ட் 2021

பாரிஸின் பி.எஸ்.ஜி கிளப்பில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஜெர்சி எண் 30. "பார்சாவுல அவர் ஆரம்பிச்ச நம்பர் மாமா அது," என்றான் அக்கா மகன், எனக்குத் தெரியாததுபோல. 30, அப்புறம் 19, அப்புறம்தான் 10.

குரூப் இரண்டாகிவிட்டது. ஒரு கட்சி, அவன் எங்கே ஆடினாலும் நான் அங்கே. இன்னொரு கட்சி, கிளப்தான் பெரிது, ஆள் வருவான் போவான். பேச்சு முற்றி இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். பத்து வருஷமாக ஒரே குரூப்பில் இருந்தவர்கள்.

நான் எந்தக் கட்சி? பார்சாதான். ஆனால் இந்த இரண்டும் வேறு வேறு என்று இதுவரை யாரும் என்னிடம் பிரித்துக் காட்டியதில்லை.

16 ஆகஸ்ட் 2021

காம்ப் நோவுக்குள் ஆட்களை விட்டார்கள். ஏறக்குறைய இருபதாயிரம் பேர். எதிரணி ரியல் சோசியடாட். யாரோ உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கிறது. மெஸ்ஸியைக் கேலரி கடைசியாகப் பார்த்ததும் இவர்களோடு, மெஸ்ஸி இல்லாமல் கேலரி திரும்பியதும் இவர்களோடு.

10-வது நிமிடத்தில் அவன் பேர் சொல்லிக் கத்தினார்கள். அந்தப் போலிக் கூச்சலையே ஒரு வருஷம் கேட்டுப் பழகியவனுக்கு, நிஜக் குரல்கள் பிசிறடித்து, முன்னே பின்னே சேர்ந்து, ஒரு மூலையில் தேய்ந்து இன்னொரு மூலையில் எழும்புவது உடம்பைச் சிலிர்க்க வைத்தது. 4-2 ஜெயித்தோம். முதல் கோல் பிக்கே, தலையால். புதிதாக வந்த டெபாயையும் எரிக் கார்சியாவையும் லீக்கில் பதிவு செய்ய முடிந்ததே இந்த மனிதர் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டதால்தான். அவர் பேருக்கும் நன்றாகக் கைதட்டினார்கள்.

இன்று லபோர்டா மறுபடி கணக்கு. மொத்தக் கடன் 135 கோடி யூரோ. போதும், இந்த டைரியில் இனிமேல் பண விஷயம் எழுதப்போவதில்லை.

30 ஆகஸ்ட் 2021

பார்க்கக்கூடாது என்றிருந்தேன். பார்த்தேன். ரீம்ஸ் ஊரில் ஆட்டம், 66-வது நிமிடத்தில் நெய்மாருக்குப் பதிலாக இறங்கினான். எதிரணி ரசிகர்களே அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணி கீப்பர் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து கொடுக்க, வாங்கி வைத்துப் படமெடுத்துக்கொண்டான்.

நன்றாகத்தான் இருந்தான். எனக்குத்தான் அந்த ஜெர்சியில் அவனைத் தேட வேண்டியிருந்தது. பந்து போகும் பக்கம் பார்க்காமல், சும்மா நடந்துகொண்டிருக்கிற ஒருவன் யாரென்று பார்த்துக் கண்டுபிடித்தேன்.

2 செப்டம்பர் 2021

10-ஆம் எண்ணை அன்சு ஃபாத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வயது. எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டவும் முடியாது, லா லிகாவில் 1 முதல் 25 வரைக்குள்தான் முதல் அணியின் எண்கள் இருக்க வேண்டும்.

அக்கா மகன் தன் ஜெர்சியைக் கையில் வைத்துக்கொண்டு, "பேரை உரிச்சிட்டு அன்சுன்னு ஒட்டலாமா மாமா?" என்றான். ஒட்டுவதற்கு ஒட்டலாம். அக்காதான் உள்ளேயிருந்து, "அதெல்லாம் அப்படியே இருக்கட்டும்," என்று குரல் கொடுத்தாள். அவளுக்குக் கால்பந்தில் ஆஃப்சைடு எதுவென்று தெரியாது.

29 மே 2023

இந்த டைரியைத் திறந்து ரொம்ப நாளாயிற்று.

நேற்று புஸ்கெட்ஸும் ஜோர்டி ஆல்பாவும் விடைபெற்றார்கள். மயோர்காவோடு 3-0, அன்சு ஃபாத்தி இரண்டு, காவி ஒன்று. புதுப்பிக்கும் வேலைக்காக மூடுவதற்கு முன் பழைய காம்ப் நோவில் நடந்த கடைசி ஆட்டமும் இதுதான். ஆல்பா அழுதுகொண்டே வெளியே வந்தார். புஸ்கெட்ஸ் வழக்கம்போல முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. கேலரி எழுந்து நின்றது. கைதட்டல், மைக், பேச்சு எல்லாமே முறைப்படி.

பார்த்து முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அதுதான் வித்தியாசம். இவர்களை நினைத்து இனி எனக்குத் தூக்கம் கெடாது.

11 நவம்பர் 2025

அக்கா மகனிடமிருந்து நேற்று ஒரு படம் வந்தது. பதினைந்து வயது, குரல் உடைந்துவிட்டது, என்னைவிட உயரம். மெஸ்ஸி தானே வெளியிட்ட படம். முந்தின நாள் இரவு யாருக்கும் சொல்லாமல் புதுக் காம்ப் நோவுக்குப் போயிருக்கிறான். புல்தரையில் நிற்கிறான். இன்னும் அங்கே ஒரு லீக் ஆட்டம்கூடத் தொடங்கவில்லை. ஒருநாள் திரும்பி வரவேண்டும், ஆட்டக்காரனாக விடைபெறுவதற்காக மட்டுமல்ல, அதுதான் முடியாமலே போய்விட்டதே என்கிற பொருளில் கீழே எழுதியிருக்கிறான்.

"இப்பவும் கேலரியில யாருமே இல்ல மாமா," என்று அனுப்பியிருந்தான்.

உடனே கூப்பிட்டேன். அவன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டான், நான் 2020 மார்ச் 7 வீடியோவை ஓட்டினேன். எந்தப் பக்கத்து கோலில் அந்தப் பெனால்டியை மெஸ்ஸி அடித்தான், படத்தில் அது மெஸ்ஸிக்கு முன்னால் இருக்கிறதா பின்னாலா என்று அரைமணி நேரம் ஒப்பிட்டோம். கேலரியே மாறிவிட்டது, அடையாளம் வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குக் காலையில் வேலை. போனை வைத்துவிட்டேன். அவன் தேடிக்கொண்டிருந்தான்.