200 ஜிபி அழித்தும் இடம் வரவில்லையா? ஸ்னாப்ஷாட் கணக்கைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கும், வீட்டுப் பழைய படங்களையும் பேரேடுகளையும் ஸ்கேன் செய்து சேர்க்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறைமை போட்ட நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டியில், 200 ஜிபி அழிக்கிறீர்கள். காலி இடம் கூடவில்லை. ஸ்னாப்ஷாட் என்பது ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது. அந்தப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் நேராக 0. அந்த 200 ஜிபி எங்கே போனது?

எல்லா ஸ்னாப்ஷாட்டிலும் இருக்கிறது. அதனால்தான் எதிலும் காட்டவில்லை. 'யூஸ்டு' பத்தியில் வரும் எண், அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டை மட்டும் அழித்தால் எவ்வளவு திரும்பும் என்பதுதான். செட்டிநாட்டு வளவு வீட்டில் புள்ளிக்கு (மணமான ஒரு குடும்பத்துக்கு) ஓர் அறை, நடுவிலுள்ள வளவு எல்லோருக்கும் பொது என்பதைப் போல: யூஸ்டு அறையை மட்டும் எண்ணும், வளவு எவர் கணக்கிலும் ஏறாது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று ஸ்னாப்ஷாட்டும் அந்தக் கோப்புகளைப் பிடித்திருந்தால், திங்களை அழித்தாலும் ஒன்றும் வராது, செவ்வாயை அழித்தாலும் வராது. அப்போது புதனுக்கு நேராகத் திடீரென்று 200 ஜிபி தெரியும். அதையும் அழித்தால்தான் இடம் விடுபடும்.

ஆகவே யூஸ்டு எண்களைக் கூட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 'இசட்எஃப்எஸ் லிஸ்ட்' கட்டளையில் 'ஸ்பேஸ்' பத்திகளைக் கேட்டால் 'யூஸ்டுஸ்னாப்' என்று மொத்தம் வரும். அழிக்குமுன் 'டெஸ்ட்ராய்' கட்டளையுடன் என், வி (-nv) இரண்டு எழுத்தும் சேர்த்து, முதல் ஸ்னாப்ஷாட்டுக்கும் கடைசிக்கும் நடுவில் சதவீதக் குறி போட்டு ஓட்டுங்கள். அந்த வரிசை முழுக்கப் போனால் எவ்வளவு மீளும் என்று சொல்லும், எதையும் அழிக்காது. 'என்' விட்டுப்போனால் 'நிச்சயமா?' என்று கேட்காமலே அழித்துவிடும். அடித்ததை ஒருமுறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

ஸ்கேன் வேலையில் இடத்தை அதிகம் தின்பது அழிப்பதுகூட அல்ல, படக் கோப்புக்குள் தலைப்பு, விவரம் சேர்ப்பது. 100 எம்பி டிஃப் (TIFF) படக் கோப்புக்குள் ஊர்ப்பெயர் ஒன்றை எழுதினாலும், எக்ஸிஃப்டூல் போன்ற கருவிகள் கோப்பையே புதிதாக எழுதுகின்றன. பழைய 100 எம்பி ஸ்னாப்ஷாட்டில் தங்கிவிடும். 4,000 கோப்பு என்றால் 400 ஜிபி. விவரத்தைப் பக்கத்தில் எக்ஸ்எம்பி (XMP) என்ற தனிச் சிறு கோப்பாக வைத்தால் இந்தச் செலவே இல்லை. கோப்பின் பெயரை மாற்றுவதும் அநேகமாக இலவசம்தான்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து மாற்றக்கூடிய பிரதியாக எடுப்பது குளோன். எடுக்கும்போது அது இடம் பிடிக்காது. மாற்ற மாற்றத்தான் வளரும். ஆனால் அது பிறந்த ஸ்னாப்ஷாட்டை, குளோன் இருக்கும்வரை அழிக்க முடியாது. மூல வால்யூமை (ஸ்னாப்ஷாட் எடுத்த அசல் சேமிப்புப் பகுதியை) நீக்கிவிட்டுக் குளோனை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 'ப்ரமோட்' செய்யுங்கள். செய்ததும் 2 ஜிபி காட்டிய குளோன் 600 ஜிபி காட்டும், மூலம் இளைத்துவிடும். பயப்பட வேண்டாம்: ஸ்னாப்ஷாட்டும் அதன் பாரமும் கைமாறியிருக்கின்றன, டிஸ்க்கில் புதிதாக எதுவும் எழுதப்படவில்லை.

மெய்நிகர் கணினிக்கு (ஒரு கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினிக்கு) 500 ஜிபி வால்யூமை, இடம் முழுவதையும் முன்பே ஒதுக்கி உருவாக்கி, அதில் 300 ஜிபி எழுதியிருந்தால், ஸ்னாப்ஷாட் எடுக்க இன்னும் ஏறத்தாழ 300 ஜிபி காலி வேண்டும். எழுதிய அத்தனையும் மாறினாலும் இடம் போதும் என்ற உறுதியை அது காக்கிறது. இல்லாவிட்டால் 'இடம் இல்லை' என்று மறுத்துவிடும். ஒதுக்கீடு இல்லாமல் உருவாக்கினால் இந்தத் தடை கிடையாது. பூல் (டிஸ்க்குகளின் மொத்த இடம்) நிறைகிறதா என்று கவனிப்பது உங்கள் பொறுப்பாகிவிடும்.

லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்துக்கொடுக்கும் எல்விஎம்மின் (LVM) பழைய வகை ஸ்னாப்ஷாட் வேறு மாதிரி. அதற்கு முன்கூட்டியே 20 ஜிபி என்று அளவு கொடுக்கிறோம். மூலத்தில் ஒரு பகுதி முதல்முறை மாறும்போது பழையது அங்கே நகலாகும். எழுதும் வேகமும் குறையும். அந்த 20 ஜிபி நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. தானாகப் பெரிதாக்கும் வசதி உண்டு. ஆனால் எத்தனை சதவீதம் நிரம்பியதும் பெரிதாக்க வேண்டும் என்ற அதன் வரம்பு இயல்பாக 100, அதாவது அணைந்த நிலை. 70 அல்லது 80 என்று மாற்றுங்கள், வால்யூம் குரூப்பில் (எல்விஎம் பிரித்துக்கொடுக்கும் மொத்த இடத்தில்) காலி இடமும் விட்டுவையுங்கள்.