சீப்பில் ஒட்டியிருந்த ரத்தம்

தலை வாரும்போது சீப்பின் பல் எதிலோ இடறியது. உச்சிக்குச் சற்றுப் பின்னால், பட்டாணி அளவில் ஒரு கட்டி. அழுத்தினால் கெட்டியாக இருந்தது. வலி துளியும் இல்லை. மூன்று வாரங்களில் அது சிவந்து, ஊதா நிறத்துக்கு வந்துவிட்டது. பிறகு ஒருநாள் காலை சீப்பில் ரத்தம்.

முதலில் பார்த்த மருத்துவர், "கொழுப்புக்கட்டிதான், எடுத்துவிடலாம், அவசரமில்லை" என்றார். முன்பு ஏதாவது பெரிய நோய் இருந்ததா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் புற்றுநோய்க்காக என் இடது சிறுநீரகத்தை எடுத்திருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்றான பிறகு, அந்தக் கோப்பைப் பரணில் போட்டுவிட்டேன். சிறுநீரகத்துக்கும் தலைத்தோலுக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்றுதான் நினைத்தேன்.

ரத்தம் நிற்காமல் போகவே தோல் மருத்துவரிடம் போனேன். கட்டியைத் தொடுவதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி: "ஐயா, இதற்கு முன் என்ன அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது?" சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். தலை முழுவதும் விரலால் தடவினார்; கழுத்து, மார்பு, வயிறு, கடைசியாகத் தொப்புள். தொப்புள் எதற்கு என்றேன். வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோய் சில நேரம் அங்கே முடிச்சாக எட்டிப்பார்க்குமாம். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் அறுவை சிகிச்சை உதவியாளராக இருந்த சிஸ்டர் மேரி ஜோசப் என்ற கன்னியாஸ்திரீ அதைக் கவனித்துச் சொன்னதால், அந்த முடிச்சுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்களாம்.

சிறுநீரகப் புற்றுநோய் பல ஆண்டுகள் அடங்கியிருந்துவிட்டுத் தோலில் தலைகாட்டக்கூடும் என்றும், அப்படி வந்தால் தலைத்தோல் அதற்குப் பழக்கமான இடம் என்றும் அவர் விளக்கினார். ரத்தக் குழாய்கள் மிகுந்த கட்டி என்பதால்தான் அந்த ஊதா நிறம். அதனால்தான் அந்தக் கசிவும்.

பயாப்ஸி, அதாவது சோதனைக்காகக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுப்பது, பத்து நிமிட வேலை. மரப்பு ஊசி சுருக்கென்று ஏறியது. அந்த வலி மட்டும்தான். பேனா போன்ற ஒரு கருவி, நுனியில் 4 மில்லிமீட்டர் வட்டக் கத்தி. அதை வைத்துத் திருகும்போது வலிக்கவில்லை, ஆனால் மண்டைக்குள் 'கரகர'வென்று கேட்டது. எடுத்த துணுக்கு ஃபார்மலின் புட்டியில் மிதந்தது. இரண்டு தையல்.

ஆய்வகப் படிவத்தில் 'முந்தைய நோய்' என்ற வரியில் மருத்துவர் தன் கையாலேயே எழுதினார்: சிறுநீரகப் புற்றுநோய். என் கதையே அந்த ஒரு வரியில்தான் திரும்பியது. முதல் அறிக்கையில் 'வெளிர் செல்கள் கொண்ட கட்டி' என்றுதான் இருந்தது. வியர்வைச் சுரப்பியில் எழும் கட்டிகளும் நுண்ணோக்கியில் அப்படித் தெரியலாமாம். படிவத்தில் அந்த வரி இருந்ததால் நோயியல் மருத்துவர் சிறுநீரகத்தைச் சுட்டும் பாக்ஸ்-8 சாயச் சோதனையையும் செய்தார். பழைய அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் துணுக்கைப் பதித்து வைத்திருந்த மெழுகுக்கட்டையையும் வரவழைத்து ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுதான். அந்த மெழுகுக்கட்டை எங்கே இருக்கிறது என்ற குறிப்பு பரணில் கிடந்த கோப்பில் இருந்தது. ஏணி போட்டு ஏறி இறக்கினேன், தும்மிக்கொண்டே.

பிறகு சி.டி. ஸ்கேன். இருப்பது ஒற்றைச் சிறுநீரகம் என்பதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முதலில் பார்த்த பிறகே, ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஏற்றினார்கள். நுரையீரலில் இரண்டு சிறு புள்ளிகள். தலைக்கட்டியை மட்டும் வெட்டி எறிந்தால் போதாது, உடல் முழுவதற்கும் மருந்து வேண்டும் என்றார் புற்றுநோய் மருத்துவர். நோயெதிர்ப்பைத் தூண்டும் ஊசியும் தினமும் மாத்திரையும் தொடங்கின. மாத்திரையால் உள்ளங்கை சிவந்து, சட்டைப் பொத்தான் போடக்கூட எரிந்தது. அளவைக் குறைத்தார்கள்.

நுரையீரலில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. தலையில் இருப்பதைப் பார்க்க முடியும். ஞாயிறுதோறும் என் மனைவி பிளாஸ்டிக் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். முதல் வாரம் 12 மில்லிமீட்டர். ஆறாவது வாரமும் 12. ஒன்பதாவது வாரம், "என்னங்க, கொஞ்சம் அசையாமல் இருங்கள்" என்று இரண்டு தடவை அளந்துவிட்டு, 8 என்றாள். அடுத்த ஸ்கேன் இன்னும் மூன்று வாரத்தில். கோப்பு இப்போது மேசைமேலேயே இருக்கிறது.