இன்டர்னாக இருந்தவருக்கு விமானி இருக்கை தகுமா?

மார்ச் 3
அமெரிக்க விமானிகளிடையே இந்தப் பேச்சு அடங்குவதே இல்லை. கல்லூரிக் காலத்தில் தலைமை விமானி அலுவலகத்தில் சில மாதம் இன்டர்னாக (பயிற்சி ஊழியராக) இருந்தவர், இருபத்துச் சொச்ச வயதில் பெரிய நிறுவனத்தில் துணை விமானியாகிவிடுகிறார். சின்ன நிறுவனத்தில் பத்து வருடம் ஓட்டியவருக்கோ நேர்காணல் அழைப்பே வருவதில்லை. வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் "தகுதி இல்லை" என்பது வேறு புகார், "நியாயம் இல்லை" என்பது வேறு புகார்.

மார்ச் 5
2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே கோல்கன் நிறுவனத்தின் 3407 பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக, 2013 முதல் துணை விமானிக்கும் ஏடிபி (பயணிகள் விமானம் ஓட்டுவதற்கான உயர்நிலை உரிமம்) சான்று கட்டாயம்: ஓட்டிய அனுபவம் 1,500 மணி நேரம், 23 வயது. அங்கீகாரம் பெற்ற நான்காண்டு விமானப் பட்டப்படிப்பு முடித்தவருக்கு 1,000 மணி, 21 வயது. இன்டர்ன் என்பதற்காக ஒரு மணிகூடக் குறையாது. இத்தனைக்கும் கோல்கன் விமானிகள் இருவருமே 1,500ஐத் தாண்டியவர்கள். வேகம் ஆபத்தாகக் குறைகிறது என்று கண்ட்ரோலை உலுக்கி எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்ததும் மூக்கை இறக்க வேண்டிய கேப்டன், கண்ட்ரோலைப் பின்னால் இழுத்தார்.

மார்ச் 8
ஆளை எடைபோட சிமுலேட்டரில் ஒரு வி-1 கட், அதாவது புறப்படும்போது எஞ்சின் செத்துப்போகும் சோதனை, போதும். வி-1 வேகம் தாண்டிவிட்டால் ஓடுபாதையில் நிறுத்த முடியாது. அந்த நொடியில் பயிற்சியாளர் ஓர் எஞ்சினை அணைப்பார். செத்த எஞ்சின் பக்கம் மூக்கு திரும்பும். எதிர்ப்பக்கக் காலால் ரடரை (வாலில் உள்ள திருப்புத் தகடு) மிதித்து நடுக்கோட்டைப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் பலர் காலை மறந்து கைச்சக்கரத்தைத் திருப்புவார்கள். இறக்கையின் மேல் ஸ்பாய்லர் என்ற தகடு எழும்பி இழுவை கூடும், ஏற்றம் குறையும். இன்னொரு தவறு, மூக்கை வெடுக்கென்று தூக்குவது. தரையில் ஓடும் சக்கரங்களை உள்ளே மடக்கி, வி-2 வேகத்தை (ஒற்றை எஞ்சினில் பாதுகாப்பாக ஏறும் வேகம்) காத்து, குறைந்தது 400 அடி ஏறும்வரை எஞ்சின் லீவர் எதையும் தொடக் கூடாது. எந்த எஞ்சின் என்று இருவரும் சொல்லி உறுதிசெய்த பிறகே கை போகலாம். 2015 பிப்ரவரி 4 அன்று தைவானின் தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் 235 விமானத்தில், ஓர் எஞ்சின் பழுதானதும் கேப்டன் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்தார். 43 பேர் இறந்தார்கள். அவர் முன்னாள் விமானப்படை விமானி, கிட்டத்தட்ட 4,900 மணி ஓட்டியவர்.

மார்ச் 12
இன்டர்னாக இருந்தவர்களிடம் நான் உண்மையிலேயே கவலைப்படும் குறை ஒன்று உண்டு. அலுவலகத்தில் "சார்" என்று பின்னால் நின்ற அதே கேப்டனின் பக்கத்தில் இப்போது உட்கார்கிறார். மேகத்துக்குள் இறங்கும்போது 1,000 அடியிலும், வெளியே தெரியும்போது 500 அடியிலும் வேகம், இறங்கு வீதம், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) எல்லாம் நிலைபெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் "கோ அரவுண்ட்" (இறங்காமல் மீண்டும் மேலேறு) என்று உரக்கச் சொல்வது துணை விமானியின் கடமை. அவர் இரண்டு நொடி தயங்குவதற்குள் ஏறக்குறைய 25 அடி உயரம் போய்விடும். சிமுலேட்டரில் கேப்டனை வேண்டுமென்றே தவறு செய்யச் சொல்லி, இவர் வாய் திறக்கிறாரா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. கை நன்றாக இருந்து வாய் திறக்காதவரை நான் தேர்ச்சி செய்ய மாட்டேன்.

மார்ச் 15
தேர்ச்சி பெற்றாலும் உடனே விட்டுவிடுவதில்லை. முதல் 25 மணியாவது, புதியவரை மேற்பார்த்து மதிப்பிடும் செக் பைலட்டோடு பயணிகள் விமானத்தில். அந்த ரகத்தில் 100 மணி ஆகும்வரை, பக்கவாட்டுக் காற்றின் வேகம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) அளவைத் தாண்டினாலோ, ஓடுபாதையில் பனிச்சேறு இருந்தாலோ, ஏற்றமும் இறக்கமும் கேப்டன் கையில்தான். கேப்டனே செக் பைலட்டாக இருந்தால் மட்டும் விலக்கு. வயதான புதியவருக்கும் இதே விதி.

மார்ச் 18
அப்படியானால் மனக்கசப்பு எதனால்? நிறுவனத்தில் சேர்ந்த வரிசைப்படி கிடைக்கும் சீனியாரிட்டி எண்ணால். எந்த ஊரில் பணி, எந்த விமானம், எப்போது கேப்டன், ஆட்குறைப்பில் முதலில் யார் என எல்லாம் அந்த எண்தான். 23 வயதில் வாங்கினால் 65இல் ஓய்வு பெறும்வரை 42 ஆண்டுகள். 40 வயதில் சேர்பவருக்கு 25 ஆண்டுதான். திறமை எவ்வளவு இருந்தாலும் முந்த முடியாது. நியாயம் கேட்க வேண்டிய இடம் நேர்காணல் பட்டியல்: இன்டர்னுக்கு உறுதிசெய்த அழைப்பு இருந்தால், அதே தகுதியுள்ள வெளியாருக்கும் அதே மாதம் அழைப்பு வேண்டும். பல நிறுவனங்களில் ஒரே வகுப்பில் சேர்வோரில் வயதில் மூத்தவருக்கே மேல் எண் தருகிறார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் அது அந்த வகுப்புக்குள் மட்டும். போன மாத வகுப்பில் சேர்ந்த 23 வயதுக்காரர் அவருக்கு மேலேயே இருப்பார்.