எங்க வீட்டு முத்திரை ஆய்வாளர்

பாக்கெட்ல மொத்த விலை மட்டும் போட்டா பத்தாது, ஒரு கிராம் என்ன விலைன்னும் அச்சடிக்கணும்னு ரூல் இருக்கு தெரியுமா? எங்க வீட்டுக்காரர் கண்ல படுற வரைக்கும் எனக்கும் தெரியாது. ஒரு கிலோவுக்குக் கீழன்னா கிராமுக்கு இவ்வளவு, மேலன்னா கிலோவுக்கு இவ்வளவுன்னு போட்டிருப்பாங்க, அப்ப 900 கிராம் பாக்கெட்டையும் ஒன்றரை கிலோ பாக்கெட்டையும் வச்சுப் பாக்கணும்னா புள்ளிய அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளி மனக்கணக்கு போடணும், மனுஷனுக்கு அதுல அப்படி ஒரு சந்தோஷம்.

காய்க்கு நாங்க மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. 1999ல தமிழ்நாட்டுலயே முதல்ல ஆரம்பிச்சது இதுதான். அங்க காலைலயே போர்டுல ரேட் எழுதிப் போட்டுருவாங்க, கணக்கு போட இவருக்கு வேலையே இல்ல, அதனால அங்க மட்டும் என்னைய தனியா அனுப்பி வச்சுருவாரு. மளிகைன்னா மட்டும் கூடவே வருவாரு, பாக்கெட் நோட்டு, மூக்குக்கண்ணாடி, அதுக்கு மேல போன் டார்ச் வேற.

சும்மா சொல்லக்கூடாது, நிறைய கண்டுபிடிச்சாரு. ஒரு லிட்டர் எண்ணெய்னா 910 கிராம் இருக்கணும், அதே சைஸ்ல அதே கலர்ல பக்கத்துலயே 850 கிராம் பாக்கெட் உக்காந்திருக்கும், விலை கம்மியா இருக்கேன்னு நம்ம கை தானா அதுக்குத்தான் போகும். பெரிய ஷாம்பு பாட்டில்தான் லாபம்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன், 2 ரூபா சாஷே ஒரு சரம் வாங்குனா மில்லி கணக்குல பல தடவை அதுதான் மலிவு. (சாஷேவுக்கு வழி காட்டுனதே நம்ம கடலூர் சின்னிகிருஷ்ணன்தானாம், அதுக்கும் ஒரு லெக்சர் கேட்டாச்சு.) இப்ப எங்க பாத்ரூம்ல பெட்டிக்கடை மாதிரி சரம் தொங்குது.

எல்லாமே ஜெயிச்சுடல. பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசி 25 கிலோ வரைக்கும் 5 பர்சென்ட் ஜிஎஸ்டி, அதத் தாண்டிட்டா கிடையாது, 2022 ஜூலைல அப்படி வந்ததும் மில்லுக்காரங்க உடனே 26 கிலோ மூட்டை போட்டுட்டாங்க. இவரு விடுவாரா, அந்த மூட்டைதான் வேணும்னு வாங்கி, ஆட்டோக்காரருக்கு கூலி குடுக்க மனசு வராம தானே மூணாவது மாடிக்குத் தூக்கி, அப்புறம் ஒரு வாரம் நான் தைலம் தேச்சு விட்டதுதான் மிச்சம், தைலத்துக்கு ஜிஎஸ்டி உண்டு.

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன். 2025 செப்டம்பர் 22ல ஷாம்பு, சோப்பு, பேஸ்டுக்கெல்லாம் ஜிஎஸ்டிய 18லேருந்து 5 ஆக்குனாங்கல்ல, ரேக்ல பழைய எம்ஆர்பி போட்ட ஸ்டாக் அப்ப இன்னும் இருந்துச்சு, கடைக்காரங்க எல்லாரும் கொஞ்சம் பதட்டமாத்தான் இருந்தாங்க. அந்த நேரம் பாத்து இவரு ஆபீஸ்லேருந்து நேரா, டக்-இன் பண்ண வெள்ளைச் சட்டையோட எங்க ஏரியா டிபார்ட்மெண்டல் ஸ்டோருக்கு வந்து ஒவ்வொரு பாக்கெட்டா திருப்பி டார்ச் அடிச்சு நோட்ல எழுதிக்கிட்டு இருக்காரு.

வேலை பாக்குற தம்பி ஒருத்தன் தயங்கித் தயங்கி வந்து, "சார் எந்த டிபார்ட்மெண்ட்?"னு கேட்டான்.

இவரு தலையக் கூட நிமிராம, "இப்ப எண்ணெய். அடுத்து பருப்புக்கு வருவேன்."

தம்பியக் காணோம். ரெண்டே நிமிஷத்துல மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க வந்துட்டாரு, பின்னாடியே ஒரு சேர் வருது, அதுக்குப் பின்னாடி ரெண்டு கிளாஸ் ஜிகர்தண்டா வருது. "சார், தராசுக்கெல்லாம் முத்திரை போட்டாச்சு சார், சர்டிபிகேட் மாட்டி வச்சிருக்கேன், பாக்குறீங்களா?" எனக்கு அப்பவே விஷயம் புரிஞ்சு போச்சு. இவருக்குப் புரியல. "பாத்தியா, கடைன்னா கஸ்டமர இப்படி கவனிக்கணும்"னு என்கிட்ட சொல்லிட்டு, மேனேஜர் பக்கம் திரும்பி, "பாட்டில்ல ஒரு மில்லி இவ்வளவு, சாஷேல அதவிட கம்மி, ஏன் இப்படி?"னு கேக்குறாரு. "அது கம்பெனிக்காரன் போடுறது சார், எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல சார்"னு அந்தாளு கையெடுத்துக் கும்பிடாத குறை. நான் உண்மையச் சொல்லியிருக்கலாம்தான், ஆனா ஜிகர்தண்டால பாசந்தி தாராளமா போட்டிருந்தாங்க.

பில் கவுண்டர்ல "பைக்குக் காசு வேண்டாம் சார்"னாங்க. "அதெப்படி, பைக்கும் சேர்த்துப் பில் போடுங்க"ன்னு இவரு கறாரா சொல்ல, அவ்வளவுதான், யாருக்காவது ஒரு சந்தேகம் மிச்சம் இருந்திருந்தா அதுவும் போயிருக்கும்.

வெளிய வந்ததும், "உங்கள தராசு, எடையெல்லாம் செக் பண்ண வந்த முத்திரை ஆய்வாளர்னு நினைச்சுட்டாங்க"ன்னு சொன்னேன், நம்பல. "நீ எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுவ"ன்னாரு. சரின்னு விட்டுட்டேன். இப்பெல்லாம் அவரு கால் கிலோ உளுந்து வாங்கக் கிளம்புனாக் கூட நானும் செருப்ப மாட்டிருவேன். போன வாரம் பாதாம் பால்.