சோத்தாங்கையில் பென்சில், நொட்டாங்கையில் கீ

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்வது) உரிமத்தின் ஜெனரல் கிரேடு தேர்வுக்கு நான் மோர்ஸ், அதாவது புள்ளி-கோடு தந்திக் குறி, பழகியது இடது கையில். நான் இடதுகைக்காரன் இல்லை. எழுதுவது, சாப்பிடுவது, ஸ்க்ரூ முடுக்குவது எல்லாம் வலது கைதான். அதற்குக் கீழ்நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமத்தில் இரண்டு வருடம் பேச்சிலேயே ஓட்டிவிட்டு, சிடபிள்யூ (மோர்ஸில் தொடர்புகொள்வது) கற்றுக்கொள்ளும் ஆசையில் மூன்று மாதம் வலது கையால் பழகியும் இருந்தேன். அப்போதுதான் ஒரு மூத்த ஹாம் வீட்டில், அவர் கீ (மோர்ஸ் அனுப்ப அழுத்தும் கருவி) அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலது கையில் பென்சில். அது நோட்டை விட்டு நகரவே இல்லை. இடது கை கீயின் மேல். எதிர்முனையில் அழைப்புக்குறி (ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ள அடையாளக் குறி) முடியும்போதே நோட்டில் எழுதியாகிவிட்டது. அடுத்த நொடி பதில் போகிறது. "தம்பி, எழுதுற கைக்கு எழுதுற வேலையை மட்டும் கொடு" என்றார்.

அதுவரை நான் பென்சிலைக் கீழே வைத்து, கீயைப் பிடித்து, அடித்து முடித்து, திரும்பப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் அழைப்புக்குறியின் கடைசி எழுத்து மறந்துபோகும். அன்றைக்கே கை மாற்ற முடிவு செய்தேன். தேர்வுக்கு அப்போது நான்கு மாதம் இருந்தது.

நான் எழுதியபோது மோர்ஸ் வேகம் நிமிடத்துக்கு 8 சொல். ஐந்து எழுத்து ஒரு சொல் என்று கணக்கு. ஐந்து நிமிடம், 200 எழுத்து. வாங்குவதற்கு (கேட்டு எழுதுவதற்கு) தனித் தேர்வு, அனுப்புவதற்குத் தனித் தேர்வு. வாங்குவது காது வேலை. அதை இங்கே தொடவில்லை. ஆனால் காதுக்கு எழுத்துகள் பழகிய பிறகுதான் இடது கையைத் தொட வேண்டும். கை தப்பு செய்தால் உடனே கண்டுபிடிக்க வேறு யாரும் இல்லை, உங்கள் காதுதான்.

மோர்ஸின் கணக்கு தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். புள்ளியின் ஒலியான 'டி' என்பது குறில், ஒரு மாத்திரை. கோட்டின் ஒலியான 'டா'வை நெடில் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் நெடிலுக்கு இரண்டு மாத்திரைதான். மோர்ஸின் டாவுக்கு மூன்று. உயிரளபெடை மாதிரி நீட்ட வேண்டும். என் இடது கை முதல் மூன்று வாரமும் டாவை நெடிலாகத்தான் அடித்தது. பதிவு செய்து கேட்டால் டி எது, டா எது என்று எனக்கே குழப்பம். 'டாஅ' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தபோதுதான் சரியானது.

அதைவிட முக்கியம் ஒலி இல்லாத இடம். ஒரே எழுத்துக்குள் ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே ஒரு மாத்திரை மௌனம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. 8 சொல் வேகத்தில் ஒரு மாத்திரை 150 மில்லிசெகண்ட். பழகாத கைக்கு அழுத்துவது பிரச்சினையே இல்லை. நேரத்துக்குத் தூக்கத்தான் வராது. தாமதமாகத் தூக்கினால் ஒலி நீண்டு மௌனத்தைத் தின்றுவிடும். நான்கு டி உள்ள 'எச்' மூன்றாகிப் போய் 'எஸ்' என்று கேட்கும். அல்லது கை நிலைகொள்ளாமல் ஒன்று கூடி, ஐந்து டி உள்ள '5' ஆகிவிடும். ஆகவே பயிற்சி முழுவதும் என் கவனம் கை மேலே வரும் கணத்தில்தான் இருந்தது.

கைபேசியில் ஒரு மெட்ரோனோம் செயலி போதும். நிமிடத்துக்கு 100 துடிப்பு வைத்து, ஒரு துடிப்புக்கு ஒரு டா. டாவும் அதன் மௌனமும் சேர்ந்து நான்கு மாத்திரை, அதாவது 600 மில்லிசெகண்ட். கணக்கு சரியாக உட்காரும். ஒரு வாரம் வெறும் டா மட்டும் அடித்தேன். அப்புறம் 200 துடிப்பு, ஒரு துடிப்புக்கு ஒரு டி. இதில்தான் இடது கை திணறும். முன்கை இறுகி, தோள் மெல்ல மெல்லக் காதை நோக்கி ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். தோள் ஏறினால் நிறுத்திவிடுங்கள். காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் அடித்த நாட்களில் எனக்கு முன்னேற்றமே இல்லை.

கீயை அமைப்பதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். மேலும் கீழும் மட்டும் அசையும் ஸ்ட்ரெயிட் கீக்கு இடம் வலம் கிடையாது, எந்தக் கைக்கும் ஒன்றுதான். ஆனால் பழகாத கை நேர்கீழாக அழுத்தாமல் பக்கவாட்டில் தள்ளும். கீ மேசையில் நகர்ந்துகொண்டே போகும். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்தேன், நின்றுவிட்டது. தொடக்கத்தில் தொடுமுனை இடைவெளியைச் சற்று அகலமாகவே வைத்தேன், ஒரு போஸ்ட் கார்டு நுழைகிற அளவு. கை மேலே வந்துவிட்டதா என்பதை விரலே உணரும். ஸ்ப்ரிங்கும் கொஞ்சம் கடினமாக இருக்கட்டும். கை பழகப் பழக இரண்டையும் குறைத்துக்கொள்ளலாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் குமிழின் மேலே, கட்டைவிரல் பக்கவாட்டில் அணைத்து. முன்கை மேசையில் படுத்திருக்க, அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். விரல் நுனியால் தட்டினால் இரண்டாவது நிமிடமே சோர்ந்துவிடும்.

மூன்றாவது வாரத்துக்குப் பிறகு எழுத்துகள். ஏ, பி, சி வரிசையில் போகாமல், கை மாட்டிக்கொள்ளும் எழுத்துகளைத் தனியாக எடுத்தேன். எனக்கு எல் (டி-டா-டி-டி), எஃப் (டி-டி-டா-டி), ஒய் (டா-டி-டா-டா) மூன்றும் மாதக்கணக்கில் தகராறு செய்தன. மூன்றிலும் ஒற்றை ஒலி ஒன்று நடுவில் தனியாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. கை அங்கே அவசரப்படும். எழுத்துகள் அமைந்த பிறகு 'பாரிஸ்' என்ற சொல். ஐந்து ஆங்கில எழுத்து; பின்னால் வரும் சொல் இடைவெளியையும் சேர்த்தால் சரியாக 50 மாத்திரை. மோர்ஸ் வேகத்தை அளக்க உலகம் முழுக்க இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் 40 பாரிஸ் அடித்தால் 200 எழுத்து, தேர்வின் அதே அளவு. மாதிரித் தேர்வுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் சொல் மனப்பாடமாகிவிடும் என்பதால், கடைசி மாதம் ஆங்கில நாளிதழில் ஒரு பத்தி எடுத்து அடித்தேன்.

தினமும் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஆனால் அன்றைக்கே கேட்காதீர்கள். என்ன அடித்தோம் என்பது நினைவில் இருக்கும்போது காது அதையே கேட்டுக்கொள்ளும். மறுநாள் பென்சிலோடு உட்கார்ந்து, யாரோ அனுப்பியது போல எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடம்தான் தப்பான இடம்.

இன்னொன்றும் நடந்தது. இடது கை அடிக்கும்போது வலது கை விரல்களும் தொடையில் தானாகத் தட்டிக்கொண்டிருந்தன. அதை நிறுத்த முயன்றால் இடது கை தடுமாறியது. வலது கையில் பென்சிலைக் கொடுத்ததும் அடங்கியது. முதலில் சும்மா பிடித்திருந்தேன், பிறகு கோடு இழுத்தேன், பிறகு நேரம் எழுதினேன். அடித்துக்கொண்டே எழுதும் தேவை உண்மையில் அதிகம் வராது. ஆனால் பென்சில் கையில் இருக்கும்போதே கீ அடிக்க வர வேண்டும், அதுதானே கை மாற்றியதன் நோக்கம்.

வலி வந்தால் சகித்துக்கொண்டு பழக வேண்டாம். முழு நேரமும் கீ அடித்த தந்தி ஊழியர்களுக்கு இது தொழில் நோயாகவே இருந்தது. 1908இல் பிரிட்டன் 'தந்தியாளர் பிடிப்பு' என்பதை நட்டஈடு பெறத்தக்க நோய்களில் சேர்த்தது. அமெரிக்காவில் ஹொரேஸ் மார்ட்டின் 1904இல் காப்புரிமை பெற்ற வைப்ரோப்ளெக்ஸ் கீ, டிகளைத் தானே அதிர்ந்து உண்டாக்கிக் கையின் சுமையைக் குறைத்தது. எனக்கு ஒரு முறை மணிக்கட்டு வலித்தது. நான்கு நாள் விட்டுவிட்டேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

தேர்வு அறையில் கீ மேசையின் வலது பக்கம் இருந்தது. "சார், நான் இடது கையால் அனுப்புகிறேன், கீயை இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். தேர்வு அதிகாரியே நகர்த்தி, ஒயரையும் சரிசெய்து கொடுத்தார். தொடங்குவதற்கு முன் சில எழுத்துகள் அடித்துப் பார்த்துக்கொள்ளக் கேளுங்கள். வேறு ஒருவருடைய ஸ்ப்ரிங் எப்போதும் வேறு மாதிரிதான் இருக்கும். பதற்றத்தில் வேகம் தானாகக் கூடும். முதல் ஐந்து சொற்களுக்கு இடையே வேண்டுமென்றே ஏழு மாத்திரையை மனதுக்குள் எண்ணினேன். அதன் பிறகு எண்ணத் தேவைப்படவில்லை.

தேர்ச்சிக்குப் பிறகு பேடில் (டிக்கும் டாவுக்கும் தனித்தனிப் பக்கம் உள்ள கீ) வாங்கினேன். வலது கையால் அடித்தால் கட்டைவிரலில் டி, ஆள்காட்டி விரலில் டா. அதே பேடிலில் இடது கையை வைத்தால் இரண்டும் இடம் மாறும். பேடிலோடு இணைந்து டி, டாக்களை உண்டாக்கும் கீயரின் மெனுவில் திருப்பிக்கொள்ளலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் திருப்பவில்லை, கட்டைவிரலில் டா என்றே பழகிக்கொண்டேன். கிளப் நிலையத்தில் ஒரே பேடிலை ஐந்து பேர் மாறி மாறிப் பிடிக்கிறோம். எனக்கு அடுத்து உட்காருகிறவர் மெனுவைத் தேட வேண்டியதில்லை.